படத்தின் பின்பக்கம்

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த இரண்டாவது வருஷம். ரெம்பாவிலிருந்து சைக்கிளில் முக்கால் மணி நேரம் மிதித்தால் வரும் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், எங்கள் வாயில் கித்தாத் தோட்டத்தில், நான் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்தேன். பெரிய கிராணி சண்டை தொடங்கியதுமே குடும்பத்தோடு சிரம்பானுக்குப் போய்விட்டார். வெள்ளைக்காரத் துரை அதற்கும் முன்னாலேயே கப்பலேறிவிட்டார். ஆபீஸ், மேசை, பேரேடு எல்லாம் இருபத்தாறு வயதில் என் தலையில் விழுந்தன. அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

எனக்கு இரண்டு பைத்தியங்கள் உண்டு. ஒன்று காடு மேடு சுற்றுவது. இன்னொன்று படம் எடுப்பது. சண்டைக்கு முன்பு சிரம்பானில் ஒரு போட்டோக் கடையில் பழைய மடக்குக் கேமரா ஒன்றை வாங்கியிருந்தேன். மூடியைத் திறந்தால் கறுப்புத் தோல் மடிப்பு மடிப்பாக முன்னால் நீளும். மேலே விரல்நகம் அளவுக்கு ஒரு சின்னக் கண்ணாடி. குனிந்து அதற்குள் பார்த்துத்தான் படம் எடுக்க வேண்டும். அதில் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். மூன்று கால் ஸ்டாண்டும் உண்டு. ஓய்வு நாள் வந்தால் பக்கத்துத் தோட்டத்துக் கிராணிகள் சீட்டாட உட்கார்வார்கள். நான் சைக்கிளில் கேமராவைக் கட்டிக்கொண்டு ஆறு, அருவி, மலை என்று கிளம்பிவிடுவேன்.

இந்த இரண்டு பைத்தியமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். மலை ஏறுகிறவனுக்கு நின்றால் உடம்பு குளிர்ந்துவிடும். படம் எடுக்கிறவனுக்கு நிற்காமல் வேலை நடக்காது. வெளிச்சத்துக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் உச்சிக்குப் போக முடியாது. உச்சிக்குப் போக வேண்டுமென்று ஓடினால் வழியில் நல்ல படம் தவறிப்போகும். இரண்டையும் எப்படிச் சரிக்கட்டுவது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

என்னோடு வருகிறவன் ஒருவன் இருந்தான். எங்கள் தோட்டத்திலேயே பால் வெட்டுகிறவன், என் வயதுதான். 'அவர்' என்று எழுதலாமா என்று இப்போது யோசித்துப் பார்த்தேன். நாற்பது வருஷமாக மனசுக்குள் பேசிய பழக்கம், 'அவன்' என்றுதான் பேனா எழுதுகிறது. கிராணியும் பால்வெட்டுக்காரனும் சேர்ந்து சுற்றுவது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. ஆபீஸ் படிக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டுதான் அவன் நிற்பான். தோட்டத்து எல்லையில் ஓடும் ஆற்றைத் தாண்டிவிட்டால் போதும், ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பாராங்கத்தியால் புதரை வெட்டியபடி முன்னால் நடப்பான், என்னைக் கிண்டல் செய்ய ஆரம்பித்துவிடுவான்.

"மலையப் பாக்க வந்தீங்களா, அந்தப் பொட்டியப் பாக்க வந்தீங்களா கிராணியாரே? பொட்டியப் பாக்கறதா இருந்தா வீட்லயே பாத்திருக்கலாமே, கால் வலி மிச்சம்."

நான் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் ஒரு பாறைமேல் உட்கார்ந்து மலையை முழுக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்குப் பார்க்கத் தெரிந்திருந்தது. எனக்கு அது அப்போது புரியவில்லை. பாவம், படத்தின் அருமை தெரியாதவன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவனைப் பாறைப் பக்கம் நிற்க வைத்துச் சில படங்கள் எடுத்திருந்தேன். பாறை எவ்வளவு பெரியது என்று காட்டுவதற்காக எடுத்தவை அவை. அவனுக்காக எடுத்ததில்லை. ஒரு தடவை அவனுடைய மனைவி ஒன்றரை வயது மகனுக்குச் சட்டை போட்டு, தலைவாரி, நெற்றியில் பொட்டு வைத்து என் வீட்டு வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்று பேரையும் சேர்த்து ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டாள். ஜப்பான்காரன் வந்து பிலிம் கிடைக்காமல் போன நேரம். என்னிடம் இரண்டே இரண்டு படத்துக்கு இடம் மிச்சமிருந்தது. அடுத்த தடவை பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் பின்னால் நின்று சிரித்தான்.

"விடு புள்ள. எம் மூஞ்சி எங்க போயிரப் போவுது? தெனம் பாக்கறதுதான."

அந்த இரண்டு இடத்தையும் அடுத்த வாரம் மேகத்துக்குச் செலவழித்தேன். குனோங் டத்தோ மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. நன்றாக வந்திருந்தது என்றுதான் அப்போது நினைத்தேன்.

எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. அதை இங்கே சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேரேட்டில் பதிவதற்குப் பிரட்டு என்று பெயர். அந்தப் பேரேடு செக்ரோல். அதில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர் உண்டு. நாள் முழுதும் நம்பரோடு புழங்கிய கை, வீட்டிலும் சும்மா இருக்காது. படம் கழுவிக் காய்ந்ததும் ஒவ்வொன்றின் பின்பக்கமும் தேதி போடுவேன், இடம் எழுதுவேன், ஏற எத்தனை மணி நேரம் ஆனது, வெளிச்சம் எப்படி என்று குறிப்பேன். படத்தில் ஆட்கள் இருந்தால் அவர்களுடைய செக்ரோல் நம்பரைப் போடுவேன். பெயர் எழுத இடம் போதாது, நம்பர் என்றால் சின்னதாக முடிந்துவிடும். கிராணிப் புத்தி.

அந்த வருஷம் ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள். முதலில் மூன்று மாதம் வேலை, நல்ல சாப்பாடு என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். போனவர்கள் யாரும் மூன்று மாதத்தில் திரும்பவில்லை. பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். லாரி வரும், தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குச் சொல்வார்கள், திடமான ஆட்களாகப் பார்த்து ஏற்றுவார்கள். எங்கள் தோட்டத்திலிருந்தும் ஒரு லாரி ஆள் போய்விட்டது.

அடுத்த லாரிக்கு நானும் கூலிகளை மேற்பார்க்கும் மண்டோரும் ஒரு வழி கண்டுபிடித்தோம். நன்றாக உழைக்கிற ஆட்களாகப் பார்த்து, தினம் ஐந்தாறு பேருக்கு செக்ரோலில் சிவப்பு மையால் குறி போட்டுவிடுவோம். சிவப்புக் குறி என்றால் குளிர்காய்ச்சல், ஆள் படுக்கையில் என்று அர்த்தம். காய்ச்சல்காரனை லாரியில் ஏற்ற மாட்டார்கள், வழியில் செத்தால் தொந்தரவு. குறி போட்ட ஆட்கள் பகலில் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் இருக்காமல் ஆற்றைத் தாண்டிக் காட்டுக்குள் போய்விட வேண்டும். காட்டில் அவர்களுக்கு வழி காட்டுகிற வேலை என் நண்பனுடையது. அவனுக்கும் நான் சிவப்புக் குறிதான் போட்டிருந்தேன். அந்த நாட்களில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதையும் நானே கெடுத்தேன்.

சிரம்பானிலிருந்து ஒரு ஜப்பானிய அதிகாரி தோட்டம் தோட்டமாகப் பேரேடு பார்க்க வருவான். சண்டைக்கு முன்பு மலாக்காவில் ஒரு போட்டோக் கடையில் வேலை பார்த்தவனாம், மலாய் நன்றாகப் பேசினான். முதல் தடவை வந்தபோது செக்ரோலைப் புரட்டிச் சிவப்புக் குறியைத் தொட்டு இது என்ன என்று கேட்டான். சாகிட், துவான், உடம்பு சரியில்லை, காய்ச்சல் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டான். அப்புறம் அவன் கண் ஆபீஸ் மூலைக்குப் போனது. அங்கே என் மூன்று கால் ஸ்டாண்டு சாத்தியிருந்தது.

கேமரா வைத்திருக்கிறவனை உளவாளி என்று பிடித்துக்கொண்டு போவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எடுத்துக்கொண்டு வா என்றான். வீட்டிலிருந்து கேமராவை எடுத்து வந்து மேசைமேல் வைத்தேன். அதைக் கையில் எடுத்து, தோல் மடிப்பை நீட்டி, கண்ணாடியை வாயால் ஊதி, சட்டை நுனியால் துடைத்தான். எந்த மலை ஏறியிருக்கிறாய் என்று கேட்டான். சொன்னேன். தன் ஊர்ப் பக்கம் ஒரு மலை உண்டு, வருஷத்தில் பாதி நாள் பனி மூடியிருக்கும், கேமராவோடு இரண்டு தடவை ஏறியிருக்கிறேன் என்றான். மேலே போனால் விரல் விறைத்துப் பொத்தானை அழுத்த வராது என்று விரலை மடக்கிக் காட்டிச் சிரித்தான்.

அன்று அரை மணி நேரம் வெளிச்சத்தைப் பற்றியும் மேகத்தைப் பற்றியும் பேசினோம். என் பைத்தியம் இன்னொருவனுக்கும் இருக்கிறது என்று வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குத் தெரிந்தது. அதை ஜப்பான்காரனிடம் தெரிந்துகொண்டேன் என்பதை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது. அடுத்த தடவை வந்தபோது ஒரு பொட்டலம் கொடுத்தான். உள்ளே இரண்டு சுருள் பிலிம், கழுவுகிற மருந்து, படம் போடுகிற காகிதம். எடுத்து வை, வந்து பார்க்கிறேன் என்றான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மறு வாரம் மண்டோர் லாரி வரப்போகிறது என்று செய்தி கொண்டுவந்தார். ஐந்து பேருக்குப் பத்து நாளைக்குத் தொடர்ந்து சிவப்புக் குறி போட்டேன். என் நண்பன், அண்ணன் தம்பி இரண்டு பேர், புகைவீட்டில் வேலை செய்த ஒருவர், கங்காணியின் மருமகன். ஐவரும் குனோங் டத்தோ அடிவாரத்தில் கிழங்கு தோண்டிக்கொண்டு ஒளிந்திருந்தார்கள். இடையில் எனக்கு ஓய்வு நாள் வந்தது. அவர்களுக்கு உப்பும் தீப்பெட்டியும் கொண்டுபோகிறேன் என்று மண்டோரிடம் சொன்னேன். பையில் உப்புக்கு மேலே கேமரா இருந்தது.

ஒளிந்திருக்கிறவர்களை நான் மலை உச்சிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வானம் அப்படித் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஆறு பேரும் வேர்களைப் பிடித்து ஏறினோம். உச்சிப் பாறையில் நின்றால் ரெம்பாவ் பக்கத்து வயல்கள், கம்பங்கள் என்கிற மலாய்க் கிராமங்கள், அதற்கும் அப்பால் கோடு போட்டதுபோல் கடல். மாதக்கணக்கில் பயந்து பயந்து கிடந்தவர்கள் அங்கே கொஞ்ச நேரம் பயத்தை மறந்தார்கள். தம்பிக்காரன் பாட ஆரம்பித்தான். ஐவரையும் பாறை விளிம்பில் வரிசையாக உட்காரச் சொன்னேன்.

"பிரட்டு எடுக்கிறாரு கிராணி, கையக் கட்டுங்கடா" என்றான் என் நண்பன்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பிலேயே அழுத்தினேன். பின்னாலிருந்து வந்த வெளிச்சம் ஐந்து பேருடைய தோளிலும் வெள்ளைக் கோடு போட்டிருந்தது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். இதை இன்றும் மறுக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து குளியலறை ஜன்னலில் சாக்கைக் கட்டி, சிவப்புக் காகிதம் சுற்றிய விளக்கில் படங்களைக் கழுவினேன். ஏழு படம் தேறியது. ஆறு படம் மலை, அருவி, மேகம். ஏழாவதில் ஐவர். காய்ந்ததும் ஒவ்வொன்றையும் திருப்பினேன். தேதி, இடம், ஏறிய நேரம் மூன்று மணி, வெளிச்சம் எதிர்ப்பக்கம். ஏழாவதில் ஐந்து நம்பர். கை தானாக எழுதியது.

அதிகாரி மூன்றாம் நாள் பகலில் வந்தான். ஐவரின் படத்தை அவனிடம் காட்டக் கூடாது என்கிற அளவுக்கு எனக்கும் அறிவு இருந்தது. அதைத் தனியாக எடுத்து மேசை டிராயரில் வைத்துவிட்டு ஆறு படத்தை மட்டும் பரப்பினேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். "கோசோங்" என்றான். காலி என்று அர்த்தம். மலை இருக்கிறது, மேகம் இருக்கிறது, ஆனால் படத்தில் யாரும் இல்லையே, இதை யார் திரும்பப் பார்ப்பார்கள் என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. டிராயரை இழுத்து ஏழாவது படத்தை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டேன். கூலிக்காரர்களின் முகம் இவனுக்கு எங்கே தெரியப்போகிறது, யாரோ கம்பத்து ஆட்கள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அந்த ஒரு நொடியில் நினைத்தேன். பின்பக்கம் நினைவுக்கே வரவில்லை.

வெகு நேரம் பார்த்தான். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "பாகுஸ்" என்றான். நல்லது, இதுதான் படம் என்றான். என் முகம் மலர்ந்திருக்கும். அப்புறம், போட்டோக் கடைக்காரன் வழக்கமாகச் செய்வதுபோல், படத்தைத் திருப்பினான்.

நான் எழுதிய இங்கிலீஷ் எழுத்து அவனுக்கு விளங்கியிருக்காது. எண் விளங்காத ஆள் உலகத்தில் உண்டா? தேதியைப் பார்த்தான், ஐந்து நம்பரைப் பார்த்தான். மேசைமேல் கிடந்த செக்ரோலை இழுத்தான். விரலை வைத்து நம்பர் வரிசையில் கீழே இறங்கினான். முதல் நம்பருக்கு நேரே பத்து நாளுக்கும் சிவப்புக் குறி. இரண்டாவது நம்பருக்கும். ஐந்தையும் பார்த்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"சாகிட்?" என்றான். மெதுவாகத்தான் கேட்டான்.

அடிப்பான், முட்டி போட வைப்பான் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. படத்தைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான். தன் தோல் பையிலிருந்து இன்னும் ஒரு சுருள் பிலிமை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டான்.

இதுவரை நடந்தது முட்டாள்தனம். முட்டாள்தனத்துக்கு மன்னிப்பு உண்டு. இதற்கு மேல் நடந்ததற்குத்தான் இல்லை.

அவன் போனது மத்தியானம். மறுநாள் காலைப் பிரட்டுவரை எனக்கு நேரம் இருந்தது. காட்டுக்கோ லயத்துக்கோ ஓடிப்போய், ஐந்து பேரும் இன்றைக்கே பெண்டாட்டி பிள்ளையோடு எங்காவது போய்விடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். படம் காட்டினேன் என்று சொல்ல வேண்டிவரும். காட்டாதே என்று யாரும் சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். பாராட்டு வேண்டுமென்று காட்டினேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? அதோடு இன்னொரு யோசனையும் ஓடிக்கொண்டிருந்தது. பிலிம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், கோபமிருந்தால் கொடுப்பானா, அவனும் நம்மைப்போல மலையேறுகிறவன், கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டான். இதையே திரும்பத் திரும்ப எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பினேனா என்று கேட்டால், நம்ப வசதியாக இருந்தது.

சாயங்காலம் என் நண்பன் காட்டிலிருந்து இறங்கி வந்தான். பெண்டாட்டி பிள்ளையைப் பார்த்துவிட்டு ராத்திரியே திரும்பிப் போவதாகத் திட்டம். மற்ற நால்வரும் அப்படித்தான் வந்திருந்தார்கள். எனக்கென்று இலையில் சுற்றி ஒரு கிழங்கு கொண்டுவந்து என் வீட்டுப் படியில் வைத்தான்.

"ஜப்பான்காரன் வந்தானாமே, கிராணியாரே? ஒன்னும் இல்லியே?"

"ஒன்னும் இல்ல. படம் பாக்க வந்தான்" என்றேன்.

"நம்ம படத்தக் காட்டலயே?"

"இல்ல."

"அப்ப சரி. கங்காணி மருமவன் காலுல முள்ளு, நடக்க முடியல. விடியற வரைக்கும் எல்லாரும் வூட்லயே படுத்துக்கறோம். பிரட்டு மணிக்கு முன்னாடி கெளம்பிடலாம்."

சரி என்று தலையை ஆட்டினேன். அவன் படியிறங்கிப் போனான். கூப்பிடலாமா என்று ஒரு தடவை வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டு கிழங்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அப்போது எங்களுக்கெல்லாம் தோக்கியோ மணி, கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். இருட்டிலேயே பிரட்டு மணி அடிப்பார்கள். அன்றைக்கு மணிக்கு முன்னாலேயே லாரி வந்துவிட்டது. சிப்பாய்கள் லயத்துக்கு நேராகப் போனார்கள். கையில் காகிதம், காகிதத்தில் ஐந்து நம்பர். மண்டோரைக் கதவு கதவாக இழுத்துக்கொண்டு போய் நம்பரைக் காட்டி ஆளைக் கேட்டார்கள். ஐந்து பேரையும் தவிர ஒரு ஆளைக்கூடத் தொடவில்லை.

நான் ஆபீஸ் படியில் நின்றேன். லாரி என்னைத் தாண்டித்தான் சடக்கு என்கிற பெரிய ரோட்டுக்குப் போக வேண்டும். என் நண்பன் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். அவன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"புள்ளைய பாத்துக்குங்க கிராணியாரே" என்றான்.

யார் காட்டிக்கொடுத்தது என்று அவனுக்குத் தெரியாது. பிறகும் தெரிந்திருக்காது. எனக்கு ஒரு அறைகூட விழவில்லை. அவர்களுக்கு செக்ரோல் எழுத ஆள் வேண்டுமே.

லாரி போன அரை மணி நேரத்தில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தேன். என்னிடமிருந்த எல்லாப் படத்தையும், எல்லா நெகட்டிவையும் போட்டு எரித்தேன். மற்ற படங்களில் வேறு ஆட்களின் நம்பர் இருக்கிறது, அவர்களைக் காப்பாற்றத்தான் எரிக்கிறேன் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மீதி உண்மை, அந்தப் பின்பக்கங்களை மண்டோரோ வேறு யாரோ பார்த்துவிடக் கூடாது என்பது. நண்பனைப் பாறைப் பக்கம் நிற்க வைத்து எடுத்த பழைய படங்களும் சேர்ந்தே எரிந்தன.

ஜப்பான்காரன் போனான். சயாமிலிருந்து மிஞ்சியவர்களை ரயிலில் கொண்டுவந்து சிரம்பான் ஸ்டேசனில் இறக்க ஆரம்பித்தார்கள். ஒரு காலையில் நண்பனின் மனைவி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தாலியும் பொட்டும் அப்படியே இருந்தன.

"அவரு படம் ஒன்னு குடுங்க கிராணியாரே. நெறைய எடுத்தீங்கள்ல. ஸ்டேசன்ல எறங்கற ஆளுங்ககிட்ட காட்டிக் கேக்கணும். பேரச் சொன்னா யாருக்கும் தெரியல. அங்க எல்லாம் நம்பருதானாம்."

எல்லாப் படத்தையும் ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றேன். ஒரு படத்தைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை.

"ஒன்னுகூடவா இல்ல? சின்னதா இருந்தாலும் பரவால்ல."

இல்லை என்றேன். அவளோடு நானும் ஸ்டேசனுக்குப் போனேன். அதுகூடச் செய்யாமல் இருக்க முடியவில்லை. ரயில் வந்ததும் எலும்பும் தோலுமாக ஆட்கள் இறங்கினார்கள். ஐவரில் தம்பிக்காரன் மட்டும் அந்தக் கூட்டத்தில் வந்தான். பாதி வழியிலேயே தங்களை வேறு வேறு முகாமுக்குப் பிரித்துவிட்டார்கள், அப்புறம் பார்க்கவில்லை என்றான். அண்ணன் போனதை மட்டும் சொன்னான். அவள் ஒவ்வொரு ஆளாகக் கையைப் பிடித்து நிறுத்தி விசாரித்தாள். வாயால் ஒரு முகத்தை எப்படிக் காட்டுவது? நெட்டையான ஆளு, சுருட்டை முடி, மலை ஏறுவாரு, சிரிச்சா ஒரு கண்ணு சின்னதாப் போகும் என்றாள். கேட்டவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். ஒருவர் மட்டும், புருவத்தில் தழும்பு இருக்குமா என்று கேட்டார்.

"ஆமா, வலது புருவத்தில்" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

"எடது, கிராணியாரே" என்றாள் அவள். "எடது புருவம்."

அவர் பார்த்தது வேறு யாரையோ. விசாரித்ததில் உயரமும் ஊரும் ஒத்துவரவில்லை. ஆனால் நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஐந்து வருஷம் காடு மலையெல்லாம் ஒன்றாகச் சுற்றியவனின் தழும்பு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. அவனை நான் பார்த்ததெல்லாம் அந்த நகமளவுக் கண்ணாடிக்குள்தான். அதில் இடம் வலமாகத் தெரியும்.

எட்டு மாதம் அவள் ஸ்டேசனுக்குப் போனாள். ஆட்களைக் கொண்டுவரும் ரயில் வராமல் நின்றுபோன பிறகும் போனாள். பொட்டை அழிக்கவே இல்லை, அப்படியேதான் போன வருஷம் கண்ணை மூடினாள். அவனுக்குத் திதி கொடுக்க நாளும் தெரியாது, மாலை போடப் படமும் கிடையாது. கேமராவை அந்தக் காலத்திலேயே ஆற்றில் போட்டுவிட்டேன். மலைக்கு மட்டும் கால் இருந்தவரை போய்க்கொண்டிருந்தேன். வெறும் கையோடு போய் அந்தப் பாறையில் உட்கார்ந்து பார்ப்பேன். வயல் தெரியும், கடல் தெரியும். அவன் முகம் மட்டும் தெரியாது.

அவன் மகன் இப்போது சிரம்பான் பக்கத்துப் பாரோயில் வீடு கட்டியிருக்கிறான். சுங்கை காடுட்டில் தொழிற்சாலை வேலை. தீபாவளிக்கு வேட்டி எடுத்துக்கொண்டு வந்து என் காலில் விழுகிற பிள்ளை. அவன் அப்பன் சொன்னபடி நான் அவனைப் படிக்க வைத்தேன், அவ்வளவுதான் செய்தேன். போன தீபாவளிக்கு வந்தவன், காப்பி குடித்துக்கொண்டே கேட்டான்.

"பெரியப்பா, எனக்கு எங்கப்பா சாடை இருக்கா? அம்மா இருக்குன்னு சொல்லும். வேற யாரு இருக்கா கேக்கறதுக்கு, நீங்கதானே."

அவன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தேன். இருக்கு, அப்படியே இருக்கு என்றேன். எனக்குத் தெரியாது. இருக்கிறதா இல்லையா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

அந்தப் படம் அழிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். போட்டோ தெரிந்தவன் நல்ல படத்தைக் கிழித்துப்போட மாட்டான். ஜப்பானில் ஏதோ ஒரு வீட்டு ஆல்பத்தில் என் நண்பன் பாறை விளிம்பில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பான், முன்பின் தெரியாத பிள்ளைகள் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எம் மூஞ்சி எங்க போயிரப் போவுது என்று கேட்டவனின் முகம் எங்கே போனது என்று எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும், அதை அவன் மகனிடம் சொல்ல இத்தனை வயதாகியும் துணிவு வராமல்தான் இங்கே பெயர் போடாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.